அக்குபங்சரும் ஆங்கில மருத்துவமும்: மட்டக்களப்பு, அம்பாறை மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரச வைத்தியசாலை மருந்தகங்களில் நெடுங்காலம் மருந்தாளராகக் கடமையாற்றிய எனக்கு, மருந்துத் துண்டை நீட்டும் கையோடு ஒரு கேள்வியும் சேர்ந்து வருவது பழகிப்போன விடயம். வைத்தியரிடம் கேட்கக் கூச்சப்படும் பலவற்றை மக்கள் மருந்து கொடுப்பவரிடம் கேட்பார்கள். உடலில் மெல்லிய ஊசிகளைக் குத்திச் செய்யும் சீன வைத்தியமான அக்குபங்சர் பற்றி அவ்வாறு என்னிடம் கேட்கப்பட்டவற்றையும், ஓய்வுபெற்ற பின்னர் கல்லடியிலும் கல்முனையிலும் அயலவர்கள் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நம்மவர்கள் ‘ஆங்கில மருத்துவம்’ என்று சொல்வதையே நானும் மேலைத்தேய மருத்துவம் என்ற பொருளில் இப்பக்கம் முழுவதும் சொல்கிறேன்.

அக்குபங்சர் ஊசியும் வைத்தியசாலையில் போடும் ஊசியும் ஒன்றா?

இல்லை. வைத்தியசாலை ஊசியின் நடுவே துளை இருக்கும். அதன் வழியாக மருந்து உடலுக்குள் செல்லும். அக்குபங்சர் ஊசியில் துளையும் இல்லை, மருந்தும் இல்லை. துருப்பிடிக்காத உருக்கினால் செய்யப்பட்ட, பெரும்பாலும் 0.16 முதல் 0.30 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள மெல்லிய கம்பி அது. தோலின் குறிப்பிட்ட இடங்களில் அதைச் செருகி, சில வேளைகளில் மெதுவாகத் திருகி, 20 அல்லது 30 நிமிடங்கள் அப்படியே விட்டு எடுப்பார்கள். செருகும்போது நுளம்பு கடித்தது போன்ற உணர்வு வரலாம். பிறகு அவ்விடத்தில் ஒரு கனமோ, மந்தமான உளைவோ தோன்றும். சீன வைத்தியர்கள் அந்த உளைவைத்தான் ஊசி சரியான இடத்தில் பிடித்ததற்கு அடையாளமாகக் கொள்கின்றனர். ஊசிகளின் முனையில் மெல்லிய மின்னோட்டம் கொடுப்பதும் உண்டு; மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு மூலிகையைக் கொளுத்தி அந்த இடங்களுக்குச் சூடு காட்டுவதும் உண்டு.

இது ஐயாயிரம் ஆண்டுப் பழைமையான வைத்தியம் என்கிறார்களே?

பழைமையானதுதான், ஆனால் ஐயாயிரம் என்பது விளம்பரக் கணக்கு. சீனரின் ‘மஞ்சள் பேரரசரின் உள் மருத்துவ நூல்’ ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஊசி வைத்தியத்தை முறையாக விளக்கும் ஆகப் பழைய நூல்களில் அது ஒன்று. அன்றிலிருந்து இன்றுவரை இந்த வைத்தியம் இடையறாமல் போற்றப்பட்டு வந்தது என்று எண்ணுவதும் பொருந்தாது. 1822இல் சீனப் பேரரசர் தாவோகுவாங் அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து அதை நீக்கினார். 1929இல் சீனக் குடியரசின் சுகாதார அதிகாரிகள் பாரம்பரிய மருத்துவத்தையே ஒழிக்க முனைந்தபோது வைத்தியர்கள் திரண்டு எதிர்த்ததால் அது நிறைவேறவில்லை. 1930களில் செங் தான்-ஆன் என்ற வைத்தியர் ஆங்கில மருத்துவத்தின் உடற்கூற்றியலைப் பயன்படுத்தி, ஊசி குத்தும் புள்ளிகளின் இடங்களைத் திருத்தி எழுதினார். இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் அக்குபங்சரில் அவருடைய கைவண்ணம் நிறையவே உண்டு. ஆகவே இரு மருத்துவங்களின் கலப்பு நேற்று நடந்ததன்று.

இதில் நம் ஊரோடு தொடுத்துப் பார்க்கத்தக்க ஒரு செய்தியும் உண்டு. ‘அக்குபங்சர்’ என்பது சீனச் சொல்லே அன்று. ‘ஊசி’, ‘குத்துதல்’ என்று பொருள்படும் இரண்டு இலத்தீன் சொற்களைச் சேர்த்து அப்பெயரை ஐரோப்பாவில் பரப்பியவர் வில்லெம் தென் ரைனே என்ற ஒல்லாந்து வைத்தியர். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக யப்பானில் இருந்தபோது கண்டறிந்தவற்றை அவர் 1683இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றியதும் அதே கம்பெனிதான்.

உடலில் சக்தி ஓடும் நாளங்கள் உண்மையில் இருக்கின்றனவா?

சீன மரபின்படி ‘சீ’ எனப்படும் உயிராற்றல் 12 முதன்மை நாளங்களிலும் உடலின் முன்னும் பின்னும் நடுக்கோட்டில் செல்லும் இரண்டு நாளங்களிலும் ஓடுகிறது. அவற்றின் மீது 361 புள்ளிகள் உள்ளன. ஓட்டம் தடைப்பட்டால் நோய் வரும், ஊசி அத்தடையை நீக்கும். இறந்த உடலை அறுத்துப் பார்த்தாலும், நுணுக்குக்காட்டியில் பார்த்தாலும் இந்த நாளங்கள் தென்படுவதில்லை. பிரித்தானியாவில் வைத்தியர்களுக்கு அக்குபங்சர் கற்பித்த முன்னோடியான பீலிக்ஸ் மான் என்பவரே பிற்காலத்தில் நாளங்களையும் புள்ளிகளையும் கைவிட்டு, ஊசியை மட்டும் வைத்துக்கொண்டார்.

நாளம் இல்லை என்பதால் ஊசிக்கு ஒரு வேலையும் இல்லை என்றாகிவிடாது. வாதம், பித்தம், கபம் என்று சித்த வைத்தியம் பேசுவதை நாம் எலும்பு, தசை போலக் கையில் எடுத்துக் காட்ட முடியாது. ஆயினும் அந்த மொழியை வைத்துக்கொண்டு நல்ல பரியாரியார் நோயாளரைக் கூர்ந்து கவனித்திருக்கிறார். ‘சீ’யையும் அப்படியொரு மொழியாகவே நான் கொள்கிறேன்.

அப்படியானால் ஊசி நோவை எப்படிக் குறைக்கிறது?

ஆங்கில மருத்துவம் இதற்குச் சில விளக்கங்களைத் தருகிறது. 1965இல் மெல்சாக், வோல் என்ற இருவர் வெளியிட்ட கோட்பாட்டின்படி, நோவுச் செய்தி முள்ளந்தண்டு வடத்தில் ஒரு படலையைத் தாண்டியே மூளைக்குச் செல்ல வேண்டும். தொடுகை, அழுத்தம் போன்ற வேறு உணர்வுகள் வந்து சேர்ந்தால் அப்படலை ஓரளவு சாத்தப்படும். முழங்கை எங்கேனும் இடிபட்டால் நாம் உடனே தேய்த்துவிடுவதும் இதனால்தான். 1970களில், அபினைப் போல நோவைத் தணிக்கும் எண்டோர்பின் முதலிய பொருள்களை உடலே சுரக்கிறது என்பது தெரியவந்தது. அவற்றின் செயலைத் தடுக்கும் நலோக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தபோது சில சோதனைகளில் ஊசியின் பலனும் குறைந்தது. 2010இல் எலிகளில் நடத்திய ஓர் ஆய்வு, முழங்காலுக்குக் கீழே ஊசி திருகப்பட்ட இடத்தில் அடினோசின் என்ற பொருள் பெருகி, அங்குள்ள நரம்பின் நோவுச் செய்தியைத் தணித்ததைக் காட்டியது. இவை யாவும் நோவைப் பற்றிய விளக்கங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சர்க்கரையைக் குறைப்பதற்கோ, கட்டியைக் கரைப்பதற்கோ, கிருமியைக் கொல்வதற்கோ இவற்றில் ஒன்றும் விளக்கமாகாது.

எந்தெந்த வருத்தங்களுக்குப் பலன் தெரிந்திருக்கிறது?

நாட்பட்ட நாரி நோவு, கழுத்து நோவு, முழங்கால் மூட்டுத் தேய்வு, அடிக்கடி வரும் ஒற்றைத் தலையிடி, இறுக்கத் தலையிடி, சத்திரசிகிச்சைக்குப் பின்னும் புற்றுநோய் மருந்துக்குப் பின்னும் வரும் குமட்டலும் சத்தியும். ஓரளவு நம்பத்தக்க சான்று இருப்பது இவற்றுக்குத்தான். என் பட்டியல் இத்துடன் முடிகிறது. 1997இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு குமட்டலுக்கும் பல் சிகிச்சைக்குப் பின்னான நோவுக்கும் பலன் உண்டு என்று ஏற்றுக்கொண்டது. நாட்பட்ட நோவு பற்றிய 39 சோதனைகளில் பங்குபற்றிய 20,827 நோயாளரின் தரவுகளை ஒருவர் ஒருவராகச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஊசி போடாதவர்களோடு ஒப்பிடும்போது போட்டவர்களுக்கு நோவு தெளிவாகக் குறைந்ததையும், அப்பலன் ஓராண்டு கழித்தும் பெருமளவுக்கு நிலைத்ததையும் கண்டது. அதே ஆய்வு, போலி ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்டபோது வேறுபாடு சிறியது என்றும் கூறியது.

நீரிழிவு, உயர் குருதியமுக்கம், ஆஸ்துமா, தைரொயிட், சிறுநீரக நோய், புற்றுநோய், மலட்டுத்தன்மை என்று சுவரொட்டிகளில் அடுக்கியிருப்பதைக் கண்டால், அந்தச் சுவரொட்டி நீளும் அளவுக்கு உங்கள் சந்தேகமும் நீள்வது நல்லது.

‘போலி ஊசி’ என்பது என்ன? அதிலும் நோவு குறைந்தால் எல்லாம் மனப்பிரமைதானே?

இந்த ஒரு கேள்வியில்தான் முழு விவாதமும் அடங்கியிருக்கிறது; சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புதிய குளிசை ஒன்றைச் சோதிக்கும்போது, அதே நிறத்திலும் அளவிலும் மருந்தில்லாத குளிசையை இன்னொரு குழுவுக்குக் கொடுப்பார்கள். யாருக்கு எது கிடைத்தது என்பது நோயாளருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. ஊசியில் இப்படி மறைப்பது கடினம். எனவே புள்ளி அல்லாத இடத்தில் மேலாகக் குத்துவார்கள். அல்லது நாடக மேடையில் குத்துவதாக நடிப்பவரின் கத்தி போலத் தன் பிடிக்குள்ளேயே மடங்கும் மொட்டை ஊசியைப் பயன்படுத்துவார்கள். அந்த மடங்கும் ஊசி 1998இல் அறிமுகமானது.

ஜேர்மனியில் 1,162 நாட்பட்ட நாரி நோவு நோயாளரை எழுமாறாக மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 சதவீதத்தினர் தேறியிருந்தனர். புள்ளி அல்லாத இடங்களில் மேலாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதத்தினர் தேறியிருந்தனர். மருந்து, உடற்பயிற்சி முதலான வழமையான சிகிச்சை பெற்றவர்களில் தேறியவர்கள் 27.4 சதவீதத்தினரே. இந்த மூன்று எண்களையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். முதல் இரண்டை மட்டும் பார்ப்பவர் ‘புள்ளி என்பது கட்டுக்கதை’ என்பார். முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் பார்ப்பவர் ‘ஆங்கில மருத்துவத்தை அக்குபங்சர் வென்றுவிட்டது’ என்பார். எங்கே குத்துகிறோம் என்பது பெரிய விடயமன்று, ஆனால் படுத்திருந்து, ஒருவருடைய கவனிப்பைப் பெற்று, குத்தப்படுவதனால் நாட்பட்ட நாரி நோவுக்காரருக்கு ஏதோ ஒரு நன்மை விளைகிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அந்த நன்மையை மனப்பிரமை என்று இழிவாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நோவு மூளையில் உணரப்படுவது. நம்பிக்கையும் கவனிப்பும் அதே மூளையில்தான் வேலை செய்கின்றன. நூறு பேர் வரிசையில் நிற்கும் வெளிநோயாளர் பிரிவில் இரண்டு நிமிடம் பார்த்துப் பனடோல் எழுதிக் கொடுக்கும் வைத்தியரால் அந்தக் கவனிப்பைக் கொடுக்க முடிவதில்லை. அது அவருடைய குற்றமும் அன்று. ஆனால் கவனிப்பினால் தணியும் நோவும், கவனிப்பினால் தணியாத நோயும் வெவ்வேறு என்பதை மறந்துவிடக் கூடாது.

உலக நாடுகள் இதை ஏற்றுக்கொண்டுவிட்டன என்பது உண்மையா?

ஒவ்வொரு நாடும் தன் கணக்கில் ஏற்கிறது, மறுக்கிறது. ஜேர்மனி நாரி நோவுக்கும் முழங்கால் தேய்வுக்கும் காப்புறுதியில் பணம் கொடுக்கிறது. பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் நாரி நோவுக்கு 2009இல் பரிந்துரைத்தது, 2016இல் வேண்டாம் என்றது, 2021இல் காரணம் தெரியாத நாட்பட்ட நோவுக்குப் பரிசீலிக்கலாம் என்றது. அமெரிக்காவின் முதியோர் காப்புறுதித் திட்டம் 2020 முதல் நாட்பட்ட நாரி நோவுக்கு 90 நாள்களுக்குள் 12 தடவையும், தேறினால் மேலும் 8 தடவையும் அனுமதிக்கிறது. தேறாவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலுண்டு. நம் பையில் உள்ள காசுக்கும் அந்த நிபந்தனை நல்லது. 2010இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அக்குபங்சரைச் சேர்த்தது பண்பாட்டுக்கான மதிப்பு. அதை மருத்துவச் சான்றாகக் காட்டக் கூடாது.

சீனாவில் மயக்க மருந்தில்லாமல் ஊசியால் மட்டுமே சத்திரசிகிச்சை செய்கிறார்களாமே?

இந்தக் கதைக்கு ஒரு மூலம் உண்டு. 1971 ஜூலையில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ரன் பீஜிங்கில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டது. குடல்வாலைச் சீன வைத்தியர்கள் வழமையான சத்திரசிகிச்சை மூலம், வழமையான விறைப்பு மருந்தைக் கொடுத்தே அகற்றினர். பிறகு வயிறு ஊதி அவதிப்பட்டபோதுதான் அவருடைய முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் மூன்று ஊசிகள் குத்தப்பட்டன. அவர் தேறியபின் இதை எழுதினார். மறு ஆண்டு ஜனாதிபதி நிக்சன் சீனா சென்றார். அமெரிக்காவில் அக்குபங்சர் மோகம் பிடித்துக்கொண்டது. கதை வாய் மாறி வாய் மாறி வரும்போது விறைப்பு மருந்து மட்டும் வழியில் தொலைந்துவிட்டது. சீனாவிலேயே பாரம்பரிய வைத்தியசாலைகளில் எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் நுண்ணுயிர்க்கொல்லியும் ஊசியோடு சேர்ந்தே இருக்கின்றன. சீன வைத்தியரே கைவிடாத ஆங்கில மருத்துவத்தை, அக்குபங்சரின் பெயரால் கைவிடச் சொல்பவர்கள் தமிழில்தான் பேசுகிறார்கள்.

யூடியூபில் பேசும் அக்குபங்சர்காரர்கள் எல்லாக் குளிசைகளையும் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. இப்பக்கத்தை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இந்தக் கேள்வியினால்தான்.

தமிழ்நாட்டில் வளர்ந்து இங்கும் பரவியிருக்கும் ஒரு சாரார், ஊசியையே விட்டுவிட்டு, ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டால் போதும் என்கின்றனர். தொடுவதால் தீங்கில்லை. அதோடு சேர்த்துச் சொல்லப்படும் அறிவுரையில்தான் தீங்கு இருக்கிறது: பரிசோதனை தேவையில்லை, காய்ச்சல் என்பது உடல் கழிவை வெளியேற்றும் முயற்சி, குளிசைதான் நோயை உண்டாக்குகிறது, பிரசவத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பவை அவை. மழைக்காலத்தில் டெங்கு பரவும் மட்டக்களப்பில், காய்ச்சலைக் கழிவு என்று நம்பி வீட்டில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை. டெங்குவில் உடல் நிலைகுலைவது பெரும்பாலும் காய்ச்சல் விடும் நாள்களில்தான். அந்நேரம் பார்த்து ‘கழிவு நீங்கிவிட்டது, உடல் தேறுகிறது’ என்று சொல்வதைவிடக் கொடிய அறிவுரை இருக்க முடியாது.

என் மருந்தகத்துக்கு வழமையாக இன்சுலின் எடுக்க வந்த இளைஞர் ஒருவர் இரண்டு மாதம் வராமல் இருந்தார். பிறகு அவருடைய தாயார் மட்டும் வந்தார். மகன் தொடுசிகிச்சைக்குப் போய், ‘ஊசியை விட்டால் கணையம் தானாக விழித்துக்கொள்ளும்’ என்ற பேச்சில் இன்சுலினை நிறுத்தி, நான்காம் நாள் மூச்சு வாங்கி, சுயநினைவில்லாமல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லப்பட்டிருக்கிறார். உயிர் தப்பினார். அந்தத் தாயார் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, நாலு நாளில ஒரு மனிசன் இப்படி ஆவானா?” சிறுவயதிலேயே வரும் முதலாம் வகை நீரிழிவில் ஆவான், அவ்வுடலில் இன்சுலின் சுரப்பது ஏறக்குறைய நின்றுபோயிருக்கிறது, விழித்துக்கொள்வதற்கு அங்கே உறங்குவது ஒன்றும் இல்லை.

எல்லாக் குளிசைகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதுதான் மக்களை ஏமாற்றுகிறது. பிரஷர் குளிசையை நிறுத்திய பலருக்கு இரண்டு கிழமை ஒன்றும் செய்யாது. உயர் குருதியமுக்கம் பொதுவாக எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து, ஒரு நாள் பாரிசவாதமாக வெளிப்படும். வலிப்புக் குளிசையைத் திடீரென விட்டால் தொடர் வலிப்பு வரலாம். ஸ்டீரொயிட் குளிசையைப் பல கிழமைகள் எடுத்தவர் படிப்படியாகக் குறைக்காமல் நிறுத்தினால் அமுக்கம் வீழ்ந்து உயிராபத்து நேரலாம். தைரொயிட் குளிசையை விட்டவரின் உடல் கிழமைக் கணக்கில், மாதக் கணக்கில் மெல்ல மந்தமாகும்; அதற்குள் அவர் தான் எதை நிறுத்தினோம் என்பதையே மறந்துவிடுவார். ஒன்றை நிறுத்த வேண்டுமானால், அதை எழுதித் தந்தவரிடமே கேளுங்கள்.

வயலிலும் தறியிலும் வேலை செய்யும் எங்களுக்கு நாரி நோவு தீராதிருக்கிறது. முதலில் எங்கே போவது?

படுவான்கரையில் குனிந்து நின்று நாற்று நடுபவர்களையும், மருதமுனையில் நாள் முழுக்கத் தறிக்கு முன் அமர்ந்திருப்பவர்களையும், வலை இழுக்கும் மீனவர்களையும் எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய நோவு பெரும்பாலும் தசையும் மூட்டும் சார்ந்தது. அவர்களிற் பலர் கடையில் டைக்ளோபெனாக் என்ற நோவுக் குளிசையை வாங்கி வருடக்கணக்கில் விழுங்குவதையும் பார்த்திருக்கிறேன். வெயிலில் நீர் வற்றிய உடலில் அந்தக் குளிசை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், இரைப்பையையும் புண்ணாக்கும். முறையான ஊசிச் சிகிச்சையினால் அக்குளிசையின் எண்ணிக்கை குறையுமானால் அது உண்மையான இலாபம். அக்குபங்சருக்காக நான் வாதாடும் இடம் இது ஒன்றுதான்.

எனினும் முதலில் வைத்தியசாலை. நாரி நோவோடு சிறுநீர் கட்டுப்படாமல் போதல், மறைவிடத்தைச் சுற்றி விறைத்தல், கால் சோர்ந்து தள்ளாடுதல், காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், முன்பு புற்றுநோய் வந்திருத்தல், விழுந்து அடிபட்டிருத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஊசிக்குப் போகக் கூடாது. இவை இல்லை என்று வைத்தியர் பார்த்துச் சொன்ன பிறகு, உடற்பயிற்சியோடு சேர்த்து அக்குபங்சரை முயன்று பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. அரச வைத்தியசாலைகளின் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு இலவசமாகவே செல்லலாம் என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர்.

பாரிசவாதத்துக்கு ஊசி நல்லதா?

வாய் கோணி, கை சோர்ந்து, பேச்சு குழறினால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். மூளையில் அடைத்த குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏறத்தாழ நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அந்நேரத்தில் விரல் நுனிகளில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தியைப் பின்பற்றி நேரத்தைத் தொலைக்கக் கூடாது. மாதங்கள் கழித்துத் தோள் நோவுக்காக ஊசி போடுவது வேறு விடயம். அதுவும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் பதிலாக அன்று.

கையில், காலில் விறைப்பு இருந்தால் ஊசியால் உணர்வு திரும்புமா?

விறைப்புக்குக் காரணம் என்ன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் குத்தக் கூடாது. நீரிழிவாக இருக்கலாம், கழுத்தில் நரம்பு நெரிபடுவதாக இருக்கலாம். நம் பகுதியில் இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்: தோலில் வெளிறிய அல்லது சிவந்த தழும்பு தோன்றி அவ்விடம் விறைத்திருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை இருந்ததை அறிந்த நம்மவர், அந்நோயும் அத்தீவோடு போய்விட்டதாக எண்ணுகின்றனர். இல்லை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இன்றும் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். ஆறு முதல் பன்னிரண்டு மாதம் இலவசமாகக் கிடைக்கும் கூட்டுமருந்தால் அது முற்றாகக் குணமாகும். காலந்தாழ்த்தினால் கெட்ட நரம்பு திரும்பாது. தோல் கிளினிக்குக்குச் செல்ல வேண்டியவர் ஊசி மேசையில் படுத்துக் கிடப்பது வீண்.

வர்மம், ஹிஜாமா, அக்குபங்சர் எல்லாம் ஒன்றுதானா?

மூன்றும் வேறு. வர்மம் நம் சித்த மரபைச் சேர்ந்தது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்களைச் சொல்வர். அங்கே கையும் எண்ணெயுமே கருவி. ஹிஜாமாவில் தோலைக் கீறிக் குவளை வைத்து இரத்தத்தை உறிஞ்சி எடுக்கின்றனர். ஆகவே இரத்தச்சோகை உள்ளவர்களும் குருதி உறையாமைக்கான குளிசை எடுப்பவர்களும் அதில் கூடுதல் அவதானமாக இருக்க வேண்டும். உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் சிலர் இறுகிய தசை முடிச்சில் அக்குபங்சர் ஊசியையே குத்துவதும் உண்டு. அவர்கள் நாளங்களைப் பற்றிப் பேசுவதில்லை, தசையையே பார்க்கின்றனர்.

ஊசியினால் ஆபத்து வருமா?

பயிற்சி பெற்றவர் கையில் மிக அரிது. 2001இல் பிரித்தானியாவில் வெளியான இரண்டு கணக்கெடுப்புகள் சேர்த்து 66,000இற்கும் மேற்பட்ட சிகிச்சைத் தடவைகளைப் பதிவு செய்தன. பாரதூரமான பாதிப்பு ஒன்றும் நேரவில்லை. சிறு கண்டல், இரத்தக் கசிவு, தலைச்சுற்று ஆகியவையே இருந்தன. பயிற்சியற்றவர் நெஞ்சுப் பகுதியில் ஆழக் குத்தினால் நுரையீரல் துளைபட்டு நெஞ்சறைக்குள் காற்றுப் புகக்கூடும். ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்தினால் ஈரல் அழற்சி பி போன்ற நோய்கள் தொற்றும். உங்கள் கண்முன்னே முத்திரை உடைக்கப்படும் பொதியிலிருந்து ஊசி எடுக்கப்படுகிறதா, முடிந்ததும் கடினமான மஞ்சள் பெட்டிக்குள் போடப்படுகிறதா என்று பாருங்கள். போத்தலில் ஊறவைத்த ஊசி என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மரியாதைக் குறைவாக யாரும் எண்ண மாட்டார்கள், எண்ணினாலும் பரவாயில்லை.

குருதி உறையாமைக்கு வார்பரின் எடுப்பவர்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், உணர்வற்ற பாதமுள்ள நீரிழிவு நோயாளர், கர்ப்பிணிகள் ஆகியோர் ஊசிக்கு முன் தங்கள் வைத்தியரைக் கேட்டே ஆக வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு மின்னோட்டம் கொடுக்கவே கூடாது.

நோன்பு காலத்தில் ஊசி போடலாமா?

மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடமே கேட்க வேண்டும். மருந்தாளர் அதைச் சொல்வது முறையன்று. உடலைப் பொறுத்தவரை, வெறும் வயிற்றோடு ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு மயக்கம் வருவது கூட என்பதனால், தள்ளிப்போடக்கூடிய சிகிச்சையாயின் இரவுக்கு அல்லது பெருநாளுக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கும் அம்மாமாருக்கும் இதையே சொல்வேன்.

நம்பிப் போகக்கூடியவரை எப்படி அடையாளம் காண்பது?

அவர் ஆங்கில வைத்தியராயின் இலங்கை மருத்துவ சபையிலும், சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியராயின் ஆயுர்வேத மருத்துவ சபையிலும் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். அதைக் கேட்பது உங்கள் உரிமை. இலங்கையில் அக்குபங்சர் நெடுங்காலமாக அறியப்பட்டது. களுபோவிலையில் உள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் ஆங்கில வைத்தியரான அன்ரன் ஜயசூரிய அதை நடத்தியபோது வெளிநாட்டவரும் வந்து பயின்றனர். ஆனால் சுவரில் தொங்கும் சான்றிதழ்களின் எண்ணிக்கையைவிட, அவர் கேட்கும் கேள்விகளே எனக்கு முக்கியம். என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள், ஸ்கேன் எடுத்தீர்களா, எப்போதிலிருந்து என்று கேட்பவரிடம் இருங்கள். கேட்காமலே நாடியைப் பிடித்து எல்லாம் தெரியும் என்பவரிடம் ஒரு தடவைக்கு மேல் போகத் தேவையில்லை.

எத்தனை தடவை போக வேண்டும்?

நாட்பட்ட நோவுக்குக் கிழமைக்கு ஒன்று அல்லது இரண்டு தடவையாக ஆறு முதல் பத்துத் தடவை. அதற்குள் மாற்றம் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். இருபது தடவைக்கு முற்பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள்.

அக்குபங்சருக்குப் போவதைக் கிளினிக் டொக்டரிடம் சொன்னால் ஏசுவாரே?

சிலர் ஏசத்தான் செய்கிறார்கள். அதனாலேயே மக்கள் மறைக்கிறார்கள். மறைப்பதனால், ஒரு குளிசையின் அளவைக் கூட்டியதா ஊசியா நோவைக் குறைத்தது என்று வைத்தியருக்கும் தெரியாமல் போகிறது. ஏசினாலும் சொல்லுங்கள். ஊசிக்குப் போகும்போது கிளினிக் கொப்பியையும், எடுக்கும் எல்லாக் குளிசைகளையும் உறையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். கடையில் தனியாக வாங்கியதையும் பரியாரியார் தந்த சூரணத்தையும் விட்டுவிடாதீர்கள். ஊசி போட்ட திகதியையும் எதற்காகப் போட்டார்கள் என்பதையும் அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வாங்கி, அடுத்த கிளினிக்கில் அந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வையுங்கள்.